பெருநாளுக்கு முன் பூட்டப்படும் கிடங்குகள்



ரமளானின் கடைசிப் பத்து. நம்மில் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு மதுரைக்குச் சென்றார். ஓராண்டாகப் பெருநாள் காசையும் உறவினர் கொடுத்த அன்பளிப்புகளையும் உண்டியலில் சேர்த்துவைத்திருந்த சிறுவன் அவன். குறைந்த தொகையைத் தந்தை போட்டுக்கொடுப்பதாக ஏற்பாடு. வாங்க வேண்டியது ஒரு கேம் கன்சோல். கடையில், "சரக்கு இல்லை, பெருநாள் கழித்து வாருங்கள்" என்றார்கள். தந்தையும் மகனும் படியிறங்கும்போது ஊழியர் ஒருவர் பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில், "ரெண்டு கேம் டிஸ்க்கும் இன்னொரு கன்ட்ரோலரும் சேர்த்து எடுத்துக்கிட்டா உள்ளேயிருந்து ஒண்ணு கொண்டுவந்து தரலாம்" என்றார்.

வாங்காமலே திரும்பினார்கள். பேருந்தில் மகன் கேட்டான்: "அத்தா, இல்லைன்னு சொன்னாங்க. அப்புறம் எப்படி உள்ளே இருக்கு?"

தந்தை விடை சொல்லவில்லை. அவர் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். அன்று காலையில்தான், சில்லறைக் கடைக்காரர் ஒருவர் கைப்பேசியில் காய் கேட்டபோது, "காய் இல்லை பாய், பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி கேளுங்க" என்று அவரும் சொல்லியிருந்தார். கிடங்கில் மூட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன.

பின்னர் இதனை அவரே நம்மிடம் சொல்லி வருந்தினார். அவர் ஒருவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நம் ஊர்களில் பண்டிகைக்கு முன் பூட்டப்படும் கிடங்குகள் பல. அவற்றின் சாவி நம் சமுதாயத்தார் கைகளிலும் இருக்கின்றது. ஆகவே இதனை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

முதலில் வணிகரின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். பண்டிகைக்கு முன் கடைக்காரர் கன்சோல்களை வாங்கிக் குவிப்பதற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. மேலை நாடுகளில் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும், நம் நாட்டில் தீபாவளி, பெருநாள் காலங்களிலும் இவ்வகைப் பொருள்களின் விற்பனை பெருகும். கேட்டவுடன் மறுநாளே தயாரித்துத் தரக்கூடிய பொருளன்று இது. வெளிநாட்டு ஆலையிலிருந்து வந்து சேர வாரக்கணக்காகும். எந்தக் கடைக்கு எத்தனை என்பதை நிறுவனம் முன்கூட்டியே ஒதுக்கிவிடும். கருவியில் கடைக்காரருக்குக் கிடைக்கும் இலாபமோ சொற்பம். கேம் டிஸ்க், கன்ட்ரோலர் போன்ற துணைப்பொருள்களில்தான் அவருக்கு வருவாய். கன்சோல் இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். அவரோடு மற்ற விற்பனையும் போய்விடும். எனவே பண்டிகைக்கு முன் சரக்குச் சேர்ப்பவர் தம் வாடிக்கையாளருக்காகச் சேர்க்கின்றார். அதில் குற்றமேதும் இல்லை.

மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியுமன்று. போடியிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்கு ஏறும் பாதை கனமழையில் எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. அதற்கும் மேலே சென்ட்ரல் பக்கமுள்ள குடியிருப்புகளுக்குப் பொதிக்குதிரையும் தலைச்சுமையுமே துணை. அங்கே கடை வைத்திருப்பவர் ஐப்பசி மழைக்கு முன்பே அரிசியும் பருப்பும் வாங்கி அடுக்கிவைத்தால் ஊரே அவரை வாழ்த்தும். நபி யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழாண்டுகளில் தானியத்தைச் சேமித்ததும், பஞ்சம் வந்தபோது அதனை மக்களுக்குத் திறந்துவிடுவதற்காகவே. சேமித்தல் வேறு, பதுக்கல் வேறு. கிடங்கின் அளவைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. தேவையோடு ஒருவர் காசை நீட்டும்போது கதவு திறக்கின்றதா, மூடுகின்றதா என்பதைக் கொண்டே அறிய முடியும்.

பிளேஸ்டேஷன் 5 வெளியான காலத்தை நினைவுகூர்வோம். 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்த அக்கருவி, இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்றுதான் விற்பனைக்கு வந்தது. விலை 49,990 ரூபாய். அவ்வாண்டு ஜனவரி 12 அன்று முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே அனைத்தும் தீர்ந்துவிட்டன. கொரோனாக் காலத்துச் சிப் தட்டுப்பாடு உண்மையானதுதான். ஆனால் அந்தத் தட்டுப்பாட்டை மூலதனமாக்கிக்கொண்ட ஒரு கூட்டம் உலகெங்கும் கிளம்பியது. தாம் விளையாடுவதற்காக அவர்கள் வாங்கவில்லை. மென்பொருளை ஏவி ஒரே நேரத்தில் பல கருவிகளை வாங்கி, பிறருக்குக் கிடைக்காமற் செய்து, கூடுதல் விலைக்கு விற்றார்கள். அந்தக் கூடுதல் விலைக்கு ஈடாக அவர்கள் செய்த சேவை என்ன? பொருளைத் தயாரித்தார்களா? தொலைதூரத்திலிருந்து சுமந்து வந்தார்களா? வாங்க வந்தவருக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பி, அதைத் தாண்டுவதற்குக் கூலி கேட்டார்கள். அவ்வளவே.

"விளையாட்டுக் கருவிதானே, இல்லாவிட்டால் யார் செத்துவிடுவார்?" என்று கேட்கலாம். சரி, அதே சுவர் நம் ஊரில் எழும்புவதைப் பார்ப்போம்.

ஏலக்காயின் அறுவடை ஆடிக்கு முன்பின்னாகத் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச்சுற்றாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வரத்து மிகுதி. பச்சைக் காய் ஏறத்தாழ ஐந்து கிலோவை ஸ்டோரில் உலர்த்தினால் ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் அக்காய் விலைபோகின்றது. இப்போதைய ஆண்டுகளில் ரமளான் மாசி, பங்குனியில் வருகின்றது. அறுவடை ஓய்ந்து வரத்துச் சுருங்கும் காலமும் அதுவே. நம் வீடுகளில் பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் பாயாசத்துக்கும் காய் தேடுவதும், அரபு நாடுகளில் கஹ்வாவுக்காகத் தேடுவதும் அதே நாள்களில்தான். தேவை ஏறி வரத்து இறங்கும் அந்த முனையில் கிடங்கைப் பூட்டிவைப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் நட்டப்படுபவர் யார்? கையகல நிலத்தில் காப்பியும் மிளகும் ஏலமும் வைத்திருக்கும் மலைச்சரிவு விவசாயிக்குக் காயை வைத்துக்கொள்ள வசதி இல்லை. பிள்ளையின் படிப்புக் கட்டணமும் உரக்கடைப் பாக்கியும் அவரை நெருக்கும். முன்பணம் வாங்கிய வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்கே, காயைக் கொட்டிவிட்டு இறங்குவார். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வழியே கேரளத் தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். நாள் முழுதும் குனிந்து காய் பறிக்கும் அவர்களே, பண்டிகைக்கு முதல் நாள் மளிகைக் கடையில் பத்து ரூபாய்ப் பொட்டலத்தை வாங்கி, உள்ளே எத்தனை காய் இருக்கின்றது என்று எண்ணிப் பார்க்கின்றார்கள். அவர்களிலும் நம் சமுதாயத்துப் பெண்கள் உண்டு. மாற்று மதத்துச் சகோதரிகளும் உண்டு. பதுக்கியவர் எடுக்கும் கூடுதல் இலாபத்தில் இவர்கள் பொட்டலத்திலிருந்து காணாமற்போன காய்களும் அடங்கியிருக்கின்றன.

நியாயமாகப் பேச வேண்டுமாதலால் ஒன்றை ஒப்புக்கொள்கின்றோம். விலையேற்றம் எல்லாமே பதுக்கலால் வருவதன்று. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளம் இடுக்கித் தோட்டங்களை அழித்தது. அடுத்த ஆண்டுக் கோடை வறட்சி எஞ்சியதை வாட்டியது. 2019 ஆகஸ்டுத் தொடக்கத்தில், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பாக, புத்தடி ஏலத்தில் உயர்ந்தபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதை மனிதர் எவரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. ஆயினும் அன்று விற்பதற்குச் சரக்கு வைத்திருந்தவர் யார்? வெள்ளத்தில் செடியை இழந்தவரிடம் காய் இல்லை. 2022-இல் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே சரிந்தபோது, ஏழாயிரத்தை நம்பிக் கடன் வாங்கிப் புதுச்செடி நட்ட சிறு விவசாயி தவித்தார். இத்தகைய ஏற்ற இறக்கத்தால் ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கும் சந்தையில், செயற்கையான தட்டுப்பாட்டையும் சேர்ப்பது புண்ணில் கோல் பாய்ச்சுவதாகும்.

இனி மார்க்கம் கூறுவதைக் காண்போம். பதுக்கலை அரபியில் 'இஹ்திகார்' என்பர். பதுக்குபவர் பாவியே என்ற கருத்திலமைந்த நபிமொழியை மஃமர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். இதனை மறுப்பார் எவருமில்லை. ஆனால் இதற்குள் ஓர் ஒதுங்கும் இடத்தைத் தேடுவோர் உண்டு. அந்நபிமொழியை அறிவித்த ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களிடமே, "தாங்களும் இருப்பு வைக்கின்றீர்களே" எனக் கேட்கப்பட்டதாகவும், மஃமரும் வைத்திருந்தார் என அவர்கள் விடையளித்ததாகவும் அதே அறிவிப்பில் உள்ளது. அவர்கள் வைத்திருந்தவை எண்ணெய் போன்றவை, மக்கள் உயிர் வாழத் தேவையான உணவுத் தானியமல்ல என்று அறிஞர்கள் விளக்கினர். "அப்படியானால் ஏலக்காய்க்கும் கன்சோலுக்கும் தடையே இல்லை" என்பது நம் கிடங்குக்காரர்களின் வாதம்.

கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் மக்களாகிய நம்மில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். அம்மத்ஹபின் தூண்களில் ஒருவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் இவ்வாதத்துக்கு இடமளிக்கவில்லை. எதனைத் தடுத்துவைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு நேருமோ அது எல்லாமே பதுக்கல்தான், அது துணியாயினும் பொன்னாயினும் சரியே என்பது அவர்களது தீர்ப்பு. தம் தேவைக்கும் தம் குடும்பத்தார் தேவைக்கும் போக மிஞ்சியதை விற்குமாறு பதுக்கியவருக்கு நீதிபதி ஆணையிடலாம் என்றும் ஹனஃபிச் சட்டநூல்கள் கூறுகின்றன. அதே சட்டநூல்கள், தம் சொந்த நிலத்து விளைச்சலை வைத்திருப்பவரைப் பதுக்கல்காரர் எனக் கூறுவதில்லை. ஆகவே, நல்ல விலைக்காகத் தம் இரண்டு மூட்டைக் காயை மூன்று மாதம் பரணில் வைத்திருக்கும் குரங்கணி விவசாயியை நோக்கி எவரும் விரல் நீட்ட வேண்டாம். அவர் தம் உழைப்பைக் காத்துக்கொள்கின்றார்.

ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த வணிகர் இன்னும் வலுவான ஒரு வாதத்தை வைக்கலாம். விலை ஏறிக்கிடக்கும் காலத்தில் உணவுப்பொருளை வாங்கி, மேலும் ஏறட்டும் என வைத்திருப்பதே தடுக்கப்பட்டது. மலிவான காலத்தில் வாங்கி இருப்பு வைப்பது அதில் சேராது என இமாம் நவவி (ரஹ்) விளக்கியுள்ளார்கள். உண்மை. எனினும் இத்தடையின் நோக்கம் பொதுமக்களைத் தீங்கிலிருந்து காப்பதே என்பதையும் அவர்களே சொல்கின்றார்கள். மக்கள் கடுந்தேவையில் தவிக்க, ஒருவரிடம் மட்டுமே உணவு இருக்குமானால், அதனை விற்குமாறு அவரை வற்புறுத்தலாம் என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை உண்டு என்றும் குறிப்பிடுகின்றார்கள். ஐப்பசியில் மலிவாக வாங்கியவர் பங்குனியில் அன்றைய சந்தை விலைக்கு விற்கட்டும், இலாபமும் அடையட்டும். அதனை எவரும் தடுக்கவில்லை. ஆனால் கிடங்கில் மூட்டை இருக்க, "காய் இல்லை" என்று சொல்வதற்கு எந்த மத்ஹபில் அனுமதி இருக்கின்றது? இருப்பு வைப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பொய்யுரைப்பதில் கருத்து வேறுபாடே இல்லை. நோன்பு நோற்ற வாயால் அப்பொய்யைச் சொல்கின்றோம் என்பதை எண்ணினால் உள்ளம் நடுங்க வேண்டாமா?

இன்னொரு நபிவழியும் நம் மலைக்கென்றே சொன்னது போல் இருக்கின்றது. சரக்குக் கொண்டுவரும் பயணக் கூட்டத்தாரை, அவர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கு வழங்கினார்கள். அன்றைய ஏல விலை தெரியாத விவசாயியைத் தோட்டத்திலேயே மடக்கி, "போடியில விலை சரிஞ்சு கிடக்கு" என்று சொல்லிக் காயை வாரிக்கொண்டு வருபவர் இதனை ஒருமுறை வாசிக்கட்டும். கையிலே கைப்பேசி இருந்தாலும் அலைவரிசை கிடைக்காத சரிவுகள் இன்னும் உண்டு.

வேறு சில சாக்குகளுக்கும் விடை கூறியாக வேண்டும்.

"விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்தானே, நபி (ஸல்) அவர்களே விலை நிர்ணயம் செய்ய மறுத்தார்களே" என்பர். ஆம், மறுத்தார்கள். சந்தை தானாக ஏறியபோது வணிகர்மீது அநீதி நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக மறுத்தார்கள். அதே நபியவர்கள்தாம் விலையை வேண்டுமென்றே ஏற்றும் பதுக்கலைப் பாவமென்றார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவது மார்க்கமாகாது.

"சட்டமே தடுக்கவில்லையே" என்பர். 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் மருந்தும் உணவும் உரமும் உள்ளன. கேம் கன்சோல் இல்லை. ஆனால் 2020 மார்ச்சில் முகக்கவசமும் கைச்சுத்திகரிப்பானும் பதுக்கப்பட்டபோது அரசு அவற்றையும் அவசரமாகப் பட்டியலில் சேர்க்க நேர்ந்ததே, மறந்துவிட்டோமா? பட்டியலில் ஏறும்வரை அது பாவமில்லை, ஏறிய மறுநாள் பாவம் என்று ஒரு முஸ்லிம் சொல்ல முடியுமா? சட்டம் தீங்கு நடந்தபின் விழித்தெழும். இறையச்சம் அதற்கு முன்பே விழித்திருக்க வேண்டும்.

"பதுக்கிவைத்த சரக்குக்கும் ஸகாத் கொடுக்கின்றோம், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு மூட்டை அரிசி தருகின்றோம்" என்பர். ஸகாத் ஹலாலான செல்வத்தைத் தூய்மை செய்யும். பிறரிடம் அநியாயமாக எடுத்ததை ஹலாலாக்கும் சோப்பு அன்று அது. பொட்டலத்திலிருந்து எடுத்த காயில் ஒன்றைக் கஞ்சிப் பானையில் போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாது. அந்தச் சரக்கை வாங்குவதற்கு வட்டிக்குக் கடன் பெற்றிருந்தாலோ, ஒரு பாவத்தின் தோளில் இன்னொரு பாவம் ஏறி அமர்ந்திருக்கின்றது.

பதுக்கல் தனியாகவும் வருவதில்லை. நாள்பட்ட ஏலக்காயின் பச்சை மங்கும். மங்கிய காயைப் புதுக்காயோடு கலக்கும் எண்ணம் வரும். பச்சைச் சாயம் ஏற்றும் துணிவும் வரும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, மோசடி செய்பவரைக் கண்டித்த நபியின் உம்மத் நாம். அதே கை நம் மூட்டைக்குள் நுழைந்தால் என்ன தட்டுப்படும்?

வாங்குபவராகிய நமக்கும் இதில் பங்குண்டு. தட்டுப்பாடு வரப்போகின்றது என்ற வதந்தியைக் கேட்டவுடன் ஒரு கிலோ தேவைப்படும் வீட்டில் மூன்று கிலோ வாங்கி அடைப்பவர்கள் நாம். மகனின் பெருநாள் மகிழ்ச்சியை ஒரே ஒரு கருவியில் கட்டிவைத்து, கேட்ட விலையைக் கொடுத்து, பதுக்கியவருக்குப் பாதை காட்டுபவர்களும் நாமே. பெருநாளன்று கிடைக்காத கன்சோல் அடுத்த மாதம் குறித்த விலைக்கே கிடைக்கும். "இந்த விலைக்கு வேண்டாம்" என்று சொல்லி வெறுங்கையோடு திரும்பும் தந்தையிடமிருந்து பிள்ளை கற்கும் பாடம் எந்த விளையாட்டிலும் கிடைக்காது.

எனவே, நம் வணிகச் சகோதரர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ரமளான் பிறக்குமுன் கிடங்கைத் திறந்து பாருங்கள். அங்குள்ள சரக்கு எவருக்காகக் காத்திருக்கின்றது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறைக் கடைக்காரர் கேட்டால் இருக்கின்றது என்று சொல்லி, அன்றைய விலையைச் சொல்லுங்கள். வேண்டாததைத் தலையில் கட்டினால்தான் வேண்டியதைத் தருவோம் என்று நிபந்தனை விதிக்காதீர்கள். மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு அன்றைய ஏல விலையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிறை பார்க்கும் செய்தியை அறிவிக்கும் அதே பலகையில் அன்றைய ஏலக்காய் விலையையும் எழுதிவையுங்கள். ஷஅபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். தொழுகையின் ஒழுங்கைப் பற்றி ஆண்டு முழுதும் கேட்கின்றோம். தராசின் ஒழுங்கைப் பற்றி ஒரு வாரமாவது கேட்போம்.

அந்தத் தந்தை மதுரையிலிருந்து திரும்பிய இரவு, தராவீஹ் முடிந்தபின், காலையில் தாம் மறுத்த கடைக்காரரை மீண்டும் அழைத்தார். "காய் இருக்கு பாய். காலையில வந்து எடுத்துக்கோங்க, இன்னைக்கு விலைதான்" என்றார். இரண்டு நாள் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இலாபம் போனது உண்மை. மகன் கேட்ட கேள்விக்கு மட்டும் தம்மிடம் இப்போது விடை இருப்பதாகச் சொன்னார்.

நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்து, பிறரது தேவையை நம் இலாபமாக்கிக்கொள்ளும் கொடுமையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.